கார்லைல் மாணாக்கரின் ஆட்டப் பருவம்

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே, ஹட்சன் ஆற்றை நோக்கிய மேட்டுநிலத்தில், வெஸ்ற் பொயின்ற் என்னும் இராணுவக் கல்லூரி அமைந்துள்ளது. அந்நாட்டுப் படைக்குத் தளபதிகளை ஆக்கித் தரும் கலாசாலை அது. 1912ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் திகதி, அக்கல்லூரியின் ஆடுகளத்தில் இரண்டு அணிகள் எதிர் எதிராக நின்றன. ஓர் அணியினர், நாளைய சேனாதிபதிகளாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வெள்ளை இளைஞர். மற்றோர் அணியினர், செவ்விந்தியர் என்று நம் நூல்கள் நெடுங்காலம் வழங்கிவந்த அமெரிக்கப் பழங்குடியினரின் பிள்ளைகள். அந்நாளுக்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர், 1890 டிசம்பர் 29ஆம் திகதி, வூண்டட் நீ என்னும் சிற்றாற்றங்கரையிலே, அதே நாட்டின் படை லகோட்டா மக்களை, ஆண் பெண் குழந்தை என்ற பேதமின்றிச் சுட்டு வீழ்த்தியது. ஆடுகளத்தில் நின்ற இருதிறத்தாரும் அதனை அறிந்தவர்களே.

ஆகவே அன்றைய ஆட்டம் வெறும் ஆட்டமன்று. அதன் பொருளை உணரவேண்டுமாயின், அப்பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர், எதற்காகக் கொண்டுவரப்பட்டனர் என்பவற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கார்லைல் என்னும் சிறு பட்டினத்தில் ஒரு பழைய படைமுகாம் இருந்தது. றிச்சட் ஹென்றி பிராற் என்னும் இராணுவ அதிகாரி, 1879ஆம் ஆண்டில் அம்முகாமையே பாடசாலையாக்கினார். புளோரிடாவிலே சிறைவைக்கப்பட்ட பழங்குடி வீரருக்குக் காவலராக இருந்தவர் அவர். அக்கைதிகளுக்கு எழுத்தறிவித்துப் பார்த்தபின், அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டலாம் என்று துணிந்தார். அவருடைய கொள்கை யாதெனில், இந்தியனை அழித்து அவனுள் இருக்கும் மனிதனைக் காப்பாற்றவேண்டும் என்பதே. பழங்குடியினரை முற்றாக ஒழித்தலே வழி என்று பலர் வெளிப்படையாகப் பேசிய காலம் அது. அக்காலத்தில் பிராற்றின் கொள்கை இரக்கமுள்ளதாகவே மதிக்கப்பட்டது. ஆனால், மனிதனைக் காப்பாற்றுதற்கு அவனுடைய மொழியையும் பெயரையும் சமயத்தையும் தாய்தந்தையரின் நினைவையும் அழித்தாக வேண்டும் என்று கருதிய இரக்கம் எத்தகையது என்பதைக் காலமே பின்னர்க் காட்டிற்று.

1879 அக்டோபர் மாதத்தில், றோஸ்பட், பைன் றிட்ஜ் என்னும் ஒதுக்கிடங்களிலிருந்து முதற்றொகுதிப் பிள்ளைகள் நள்ளிரவிலே புகையிரதத்தில் வந்து இறங்கினர். அவர்களுள் ஓட்டா க்டே என்னும் ஒரு சிறுவனும் இருந்தான். ஆசிரியை கரும்பலகையிலே சில ஆங்கிலப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். அவை பெயர்கள் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோல் கொடுக்கப்பட்டது. தொட்ட எழுத்தே அவரவர் பெயராயிற்று. ஓட்டா க்டே அன்றுமுதல் லூதர் ஆனான். அவன் வளர்ந்து எழுத்தாளனாகி, தன் பாடசாலை வாழ்வைப் பிற்காலத்தில் நூலாகவும் எழுதினான். பெயர் போனபின் தலைமயிர் போயிற்று. லகோட்டா மக்களிடையே மயிர் கொய்தல் இழவுக்குரிய செயல். யார் இறந்தார் என்று அறியாமலே அப்பிள்ளைகள் அழுதனர் என்க. தாய்மொழியிற் பேசுதல் குற்றமாயிற்று. காலையிற் பாடம், மாலையிற் கைத்தொழில், கோடையில் வெள்ளையர் பண்ணைகளில் வேலை என்று நாட்கள் கழிந்தன. சயரோகம் முதலிய நோய்களாற் பலர் மாண்டனர். பாடசாலைக்கெனவே ஓர் இடுகாடு வேண்டியதாயிற்று. 180க்கு மேற்பட்ட கல்லறைகள் அங்கே எழுந்தன.

இப்பாடசாலையிலேதான் அமெரிக்க உதைபந்தாட்டம் தழைத்தது. இவ்வாட்டம் நம்மவர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று; றக்பி ஆட்டத்திலிருந்து கிளைத்தது. பக்கத்திற்குப் பதினொருவர், முட்டை வடிவான பந்து. பந்தைக் கையிலேந்தி எதிரியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓடவேண்டும். எதிர்ப்பக்கத்தார் மோதி வீழ்த்தித் தடுப்பர். ஆரம்பத்தில் இஃது ஓர் உடல்வலி யுத்தமாகவே இருந்தது. கனத்த உடலினர் ஆப்புப்போலத் திரண்டு மோத, கைகால் முறிதலும், சில வேளைகளில் உயிர் போதலும் நிகழ்ந்தன. 1905ஆம் ஆண்டிலே ஜனாதிபதி தியோடோர் றூஸ்வெல்ற் பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அதன் கொடுமை முற்றியிருந்தது.

கார்லைலில் இவ்வாட்டத்தை முதலில் தடைசெய்தவரும் பிராற் அவர்களே. 1890இல் ஒரு மாணாக்கனுடைய கால் முறிந்ததைக் கண்டு, வெளி அணிகளோடு ஆடுதலை அவர் நிறுத்திவிட்டார். சில ஆண்டுகளின் பின், ஏறத்தாழ 40 மாணாக்கர் ஒன்றுசேர்ந்து அவருடைய அலுவலகத்துக்குச் சென்று, மீண்டும் ஆட அனுமதி வேண்டினர். அவர்களுடைய பேச்சாளனின் வாதத்திறனைக் கேட்டு மனம் இளகிய பிராற், இரண்டு நிபந்தனைகளை விதித்தார். எதிரி அடித்தாலும் திருப்பி அடிக்கக்கூடாது. அடித்தால் இந்தியர் காட்டுமிராண்டிகள் என்ற பழிச்சொல்லே நிலைத்துவிடும் என்பது முதலாவது. சில ஆண்டுகளுள் நாட்டின் தலைசிறந்த அணியை வெல்லவேண்டும் என்பது இரண்டாவது. மாணாக்கர் இரண்டையும் ஏற்றனர். முதல் நிபந்தனையின் பாரத்தைச் சிந்தித்தல் வேண்டும். வெள்ளை இளைஞன் ஒருவன் கைநீட்டினால் அது அவனுடைய தனிக் குற்றம். பழங்குடி இளைஞன் கைநீட்டினால் அஃது அவனுடைய இனத்தின் குற்றம்.

1899ஆம் ஆண்டிலே கிளென் வோர்ணர் என்பவர் பயிற்றுநராக வந்தார். இடையிற் சில ஆண்டுகள் நீங்கியிருந்து, 1907இல் மீண்டும் கார்லைலுக்குத் திரும்பினார். அம்மாணாக்கர் உடற்பாரத்தில் இலேசானவர். ஆனால் விரைவும் கூர்மையும் உடையவர் என்பதை அவர் கண்டுகொண்டார். பாரத்தைப் பாரத்தால் எதிர்க்க இயலாதவர் புத்தியால் எதிர்த்தல் வேண்டும். 1903இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது, பந்தை ஒரு வீரனுடைய மேற்சட்டையின் முதுகுப்புறத்தே மறைத்து வைத்து, எதிரிகள் திகைத்துத் தேடிக்கொண்டிருக்க, அவன் எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டான். 1906இல் பந்தை முன்னோக்கி எறிதல் சட்டமாக்கப்பட்டபோது, பெருங்கல்லூரிகள் அதனை ஐயத்தோடு நோக்கின. கார்லைல் மாணாக்கரோ அதனைத் தமக்கெனவே அமைந்த கலையாக வளர்த்தனர். 1907இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தை 26–6 என்ற கணக்கிலும், ஹாவார்டை 23–15 என்ற கணக்கிலும் வென்றனர். மோதி நசுக்கும் ஆட்டம், ஓடியும் எறிந்தும் ஏமாற்றியும் ஆடும் விரைவான ஆட்டமாக மாறியதில், இச்சிறு பாடசாலையின் பங்கு பெரிது.

இவ்வணியிலே புகழால் ஓங்கியவர் ஜிம் தோர்ப். இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தில், சாக்–பொக்ஸ் இனத்திற் பிறந்தவர். ஒளி பொருந்திய பாதை என்று பொருள்படும் பெயரை அவருடைய தாய் அவருக்கு இட்டிருந்தார். இரட்டையராய்ப் பிறந்த சகோதரன் சிறுவயதிலே நோயால் இறந்தான். பின்னர்த் தாயும் தந்தையும் இறந்தனர். 1904இல் கார்லைலை அடைந்தார். 1907இன் வசந்த காலத்தில் ஒருநாள், வேலைக்குரிய முரட்டுடையோடு ஆடுகளத்தைக் கடந்து சென்றவர், உயரம் பாய்வோர் தாண்ட இயலாது நின்ற கோலைத் தாமும் ஒருமுறை முயன்று, எளிதிலே தாண்டிவிட்டார். வோர்ணரின் கண்ணிற் பட்டது அப்போதுதான். 1911ஆம் ஆண்டு நவம்பரில், காயமுற்ற காலைக் கட்டிக்கொண்டு ஆடிய தோர்ப், ஹாவார்டுக்கு எதிராக நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து, 18–15 என்ற வெற்றியைத் தேடித்தந்தார்.

1912 கோடையிலே சுவீடன் நாட்டு ஸ்ரொக்கோம் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. தோர்ப் ஐந்து நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்து நிகழ்ச்சிப் போட்டியிலும் முதலிடம் பெற்றார். அதே பாடசாலையைச் சேர்ந்த ஹோப்பி இனத்து லூயிஸ் தெவானிமா, 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தெவானிமா கல்வி நாடி வந்தவர் அல்லர். தம் மக்கள் அரசின் பாடசாலைக் கட்டளையை எதிர்த்தமைக்காக, 1907இல் கைதிபோலக் கொண்டுவரப்பட்டவர். அவ்விருவரும் எந்த நாட்டின் கொடியின் கீழ் ஓடினரோ, அந்த நாட்டிலே பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924இலேதான் நிறைவேறியது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

ஒலிம்பிக் வெற்றியோடு திரும்பிய தோர்ப் அணித்தலைவராக, 1912ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் தொடங்கிற்று. அவ்வாண்டில் விதிகளும் மாறியிருந்தன. பத்து யார் தூரம் முன்னேறுதற்கு அதுவரை மூன்று முயற்சிகளே அளிக்கப்பட்டன. இப்போது நான்கு ஆயின. எல்லைக் கோட்டைக் கடந்தால் ஐந்து புள்ளி என்பது ஆறாயிற்று. முன்னோக்கி எறியும் பந்துக்கு இருந்த தூரக்கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. இவையெல்லாம் விரைந்து ஆடுவோருக்கு வாய்ப்பாயின.

செப்டெம்பர் 21ஆம் திகதி அல்பிரைற் கல்லூரியை 50–7 என வென்றனர். 25இல் லெபனன் வலி கல்லூரியை 45–0 எனவும், 28இல் அதே பட்டினத்திலுள்ள டிக்கின்சன் கல்லூரியை 34–0 எனவும், அக்டோபர் 2இல் வில்லனோவாவை 65–0 எனவும் வீழ்த்தினர். 12 நாட்களில் நான்கு ஆட்டங்கள்! ஐந்தாவது ஆட்டத்தில், வாஷிங்டன்–ஜெபர்சன் என்னும் சிறு கல்லூரி அவர்களைத் தடுத்து நிறுத்தியது. தோர்ப் உதைத்த பந்துகள் குறிதவற, இருபக்கமும் புள்ளியின்றி ஆட்டம் முடிந்தது. ஆயின், அடுத்த வாரமே சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தை 33–0 எனத் தோற்கடித்தனர். முந்திய பருவத்தில் கார்லைலை ஒரேயொரு புள்ளியால் வென்று, அவர்களுடைய ஒரே தோல்விக்குக் காரணமாயிருந்த அணி அதுவே.

அதன்பின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் 45–8 எனத் தோற்றது. அக்டோபர் 26ஆம் திகதி சனிக்கிழமை, தலைநகரிலே ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தை 34–20 என வென்றவர்கள், புகையிரதமேறிக் கனடா சென்று, 28ஆம் திகதி திங்கட்கிழமை ரொறொன்ரோ நகரின் தேர்ந்த வீரர்களை 49–1 என வென்றனர். அந்த வாரம் முடியுமுன்னரே, நவம்பர் 2ஆம் திகதி, லீஹாய் பல்கலைக்கழகத்தையும் 34–14 என வென்றனர். எட்டு நாட்களில், இரு நாடுகளில், மூன்று ஆட்டங்கள்.

இத்தகைய ஓய்வற்ற பயணம் ஏன் என்ற வினா எழுதல் இயல்பு. பெருங்கல்லூரிகள் தத்தம் ஊர்களிலே பெரிய அரங்குகளைக் கட்டி, எதிரிகளை அங்கே வரவழைத்தன. கார்லைலுக்கு அத்தகைய அரங்கு இல்லை. நுழைவுச்சீட்டுப் பணத்திலே பங்கு பெறவேண்டுமாயின், அவர்களே ஊர் ஊராகச் செல்லவேண்டும். பழங்குடி வீரரைப் பார்க்கும் ஆவலாற் கூட்டம் திரண்டது, பணமும் குவிந்தது. அப்பணம் விளையாட்டு நிதியென்னும் தனிக்கணக்கிற் சேர்ந்தது. அதனாற் பாடசாலையிற் சில கட்டிடங்களும் எழுந்தன. எனினும், வியர்வை சிந்தியவர்கள் மாணாக்கர்; பணப்பையின் திறவுகோலை வைத்திருந்தவர்கள் வேறு. இதனைப் பின்னரும் காண்போம்.

இவ்வாறு வந்ததே வெஸ்ற் பொயின்ற் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் வோர்ணர் தம் மாணாக்கரை நோக்கி, உங்கள் தந்தையரோடு போர் புரிந்த படையின் புதல்வர்களை இன்று எதிர்க்கப்போகின்றீர்கள் என்ற கருத்துப்பட நினைவூட்டினார் என்று கூறுவர். நினைவூட்டல் தேவையாயிருந்ததோ என்பது ஐயமே. இராணுவக் கல்லூரி அணியிலே கன்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் டுவைற் ஐசனோவர். இரண்டாம் உலகப் போரிலே நேசப்படைகளின் தலைமைச் சேனாதிபதியாகவும், 1953 முதல் 1961 வரை அமெரிக்க ஜனாதிபதியாகவும் விளங்கியவர் அவரே. அன்று அவருடைய நோக்கம் ஒன்று: தோர்ப்பை மோதி வீழ்த்தி, ஆட்டத்தினின்றும் அகற்றுதல்.

வோர்ணர் ஒரு புதிய வியூகத்தை வகுத்திருந்தார். பின்வரிசை வீரர் இருவரைப் பக்கங்களுக்கு நகர்த்தி நிறுத்தி, பந்து எவர் கையிற் செல்லும், எத்திசையிற் செல்லும் என்று எதிரி அறியாதவாறு அமைத்த வியூகம் அது. கஸ் வெல்ச் என்னும் ஒஜிப்வே இளைஞர் ஆட்டத்தை நடத்தினார். முதலில் இராணுவ அணியே எல்லைக் கோட்டைக் கடந்து ஆறு புள்ளி பெற்றது. ஆனால் அதனைத் தொடர்ந்த உதை தவறிற்று. கார்லைல் அணியின் ஜோ பேர்ஜி எல்லையைக் கடக்க, தோர்ப் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. இடைவேளையில் 7–6 என்று கார்லைல் ஒரு புள்ளியால் முன்னின்றது.

இரண்டாம் பாதியிலே நிகழ்ந்தது வேறு கதை. தோர்ப் ஓடுவார் என்று எதிரிகள் அவரைச் சூழ, பந்து அலெக்ஸ் ஆர்காசா கையில் இருக்கும். ஆர்காசாவைத் தேடினால் தோர்ப் வேறொரு பக்கத்திற் பாய்ந்துகொண்டிருப்பார். ஐசனோவரும் அவருடைய தோழர் ஒருவரும் தோர்ப்பை இருபுறமும் நெருக்கி வீழ்த்த முயன்றபோது, தோர்ப் சட்டென நின்றுவிட, அவ்விருவரும் ஒருவரோடொருவர் மோதி வீழ்ந்தனர் என்று கூறுவர். இராணுவ அணியின் தலைவர், ஜோ கையன் என்னும் கார்லைல் வீரரைத் தம்மால் அடக்க இயலாத சினத்திலே முறைகேடாகத் தாக்கியமைக்காக, மத்தியஸ்தராற் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். கைநீட்டக்கூடாது என்று பிராற் விதித்த நிபந்தனையை அன்று மீறியவர் பழங்குடி மாணாக்கர் அல்லர். நாகரிகத்தின் காவலர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோரின் தலைவரே. ஆர்காசா மூன்று முறை எல்லைக் கோட்டைக் கடந்தார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 27–6. இராணுவ அணியினர் முதற் பாதியிற் பெற்ற ஆறு புள்ளிகளுக்கு மேல் ஒன்றுதானும் பெறவில்லை.

ஐசனோவரின் முழங்காலும் அவ்வாட்டத்திலே ஊறுபட்டது. அடுத்த வாரம் வேறோர் அணியோடு ஆடுகையில் அது முற்றாகக் கெட, அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. ஆயினும், தோர்ப்பைப் போன்ற வீரரைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தை முதுமையிலும் அவர் மறைக்கவில்லை. களத்திலே நேர் நின்று தோற்றவரின் பாராட்டுக்குத் தனி மதிப்புண்டு.

பெருவெற்றியின் களைப்பு அடுத்த வாரமே தெரிந்தது. நவம்பர் 16இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தோடு 26–34 எனத் தோற்றனர்; அப்பருவத்தின் ஒரே தோல்வி அது. 23ஆம் திகதி ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியை 30–24 என அரும்பாடுபட்டு வென்றனர். 28ஆம் திகதி, அமெரிக்கர் நன்றி நவிலும் திருநாளாகக் கொண்டாடும் வியாழக்கிழமையன்று, பிறவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என வென்று பருவத்தை முடித்தனர். குடியேறி வந்த வெள்ளையருக்குப் பழங்குடியினர் உணவளித்து உதவியதை நினைவூட்டும் திருநாள் அது. அன்றே கார்லைல் அணிக்காகத் தோர்ப் ஆடிய கடைசி ஆட்டமும் நிகழ்ந்தது. 14 ஆட்டங்கள், 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. மொத்தம் 504 புள்ளிகள். தோர்ப் ஒருவரே 25 முறைக்குக் குறையாமல் எல்லைக் கோட்டைக் கடந்தார்.

ஆனால் புகழின் ஒளி நெடுநாள் நிலைக்கவில்லை. 1913 ஜனவரியிலே, தோர்ப் 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடைகாலத்தில் வட கரோலினாவில் சிறு தொகை ஊதியம் பெற்று அடிபந்து ஆடினார் என்ற செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. கல்லூரி மாணாக்கர் பலர் அக்காலத்தில் புனைபெயரில் இவ்வாறு ஆடிவந்தனர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். பெயரை மாற்றும் பாடசாலையிற் படித்தவர், மறைக்க வேண்டிய இடத்திலே தம் பெயரை மறைக்காதது அவருக்கு வினையாயிற்று. பயிற்றுநரும் பாடசாலைத் தலைவரும் தாங்கள் ஒன்றும் அறியோம் என்றனர். தோர்ப் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன, பதிவேட்டிலிருந்து பெயரும் நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு மாணாக்கர் வாய்திறந்தனர். வெஸ்ற் பொயின்ற் ஆட்டத்தை நடத்திய கஸ் வெல்ச் முன்னின்று, 200க்கு மேற்பட்ட மாணாக்கர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று அரசுக்குச் சென்றது. 1914இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கூட்டுக்குழு கார்லைலுக்கு வந்து விசாரணை நடத்தியது. உணவின் குறை, தண்டனையின் கடுமை, விளையாட்டு நிதி செலவான விதம், பயிற்றுநரின் கொடுஞ்சொல் ஆகிய யாவும் சாட்சியங்களிலே வெளிவந்தன. தம்மைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியதாக உலகம் கருதிய பயிற்றுநருக்கு எதிராகவே வீரர்கள் சாட்சி கூறினர். பாடசாலைத் தலைவர் பதவி இழந்தார். வோர்ணரும் விரைவில் பிற்ஸ்பேர்க் சென்றார். ஆடுகளத்திலே பெற்ற வெற்றியினும் இவ்விண்ணப்பமே பெரிய வெற்றி எனலாம். ஆட்டத்தில் அவர்கள் பிறர் வகுத்த வியூகத்தின்படி ஓடினர். இங்கே தம் சொந்தக் குரலிற் பேசினர்.

1918ஆம் ஆண்டில் கார்லைல் பாடசாலை மூடப்பட்டது. போரிற் காயமுற்றோருக்கு மருத்துவமனை தேவையென்று இராணுவம் தன் பழைய முகாமைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 39 ஆண்டுகளில், 140க்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,800 பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தனர். கற்றுத் தேறி இறுதிச் சான்றிதழ் பெற்றோர் அவர்களுள் மிகச் சிலரே.

எஞ்சிய கணக்கு மெல்ல மெல்லவே தீர்க்கப்பட்டு வருகின்றது. 1950ஆம் ஆண்டிலே, அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று பத்திரிகையாளர் தோர்ப்பைத் தேர்ந்தனர். 1953இல் அவர் இறந்தார். 1982இல் ஒலிம்பிக் குழு அவர் பெயரை மீண்டும் ஏற்று, அடுத்த ஆண்டில் அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்களைக் கையளித்தது. அப்போதும் முதலிடத்தைப் பிறரோடு பகிர்ந்தவராகவே அவர் குறிக்கப்பட்டார். தனி வெற்றியாளர் என்ற நிலை 2022 ஜூலை மாதத்திலேதான் கிடைத்தது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 109 ஆண்டுகள் சென்றன.

கார்லைல் இடுகாட்டில் உறங்கிய பிள்ளைகளும் 2017 முதல் சிறிது சிறிதாக வீடு திரும்புகின்றனர். 2021இல் றோஸ்பட் இனத்தார், தம் பிள்ளைகள் ஒன்பது பேரின் எச்சங்களைப் பெற்றுச் சென்று தம் மண்ணில் அடக்கம் செய்தனர். 2024 அக்டோபரில் ஜனாதிபதி ஜோ பைடன், இத்தகைய பாடசாலைகளுக்காக நாட்டின் பெயரால் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. தோர்ப்போ இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் வாழ்ந்திராத ஒரு பென்சில்வேனியப் பட்டினம், அவர் இறந்தபின் அவருடைய பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, அவர் உடலை வாங்கிப் புதைத்து வைத்திருக்கின்றது. ஒக்லஹோமா மண்ணுக்கு அவரைக் கொண்டுசெல்ல அவருடைய புதல்வர் தொடுத்த வழக்கு 2015இலே தோல்வியில் முடிந்தது.

1912ஆம் ஆண்டின் அந்த ஆட்டப் பருவம் எதனை நிறுவியது? பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளையராக மாற்றிவிடலாம் என்ற தம் கொள்கைக்குச் சான்றாகப் பாடசாலையார் அவ்வெற்றிகளைக் காட்டினர். உண்மை வேறு. ஹாவார்டின் வாயிலிலும் ஹட்சன் ஆற்றங்கரையிலும் அவர்கள் வென்றது வேற்றினத்தாராக மாறிவிட்டதனால் அன்று. மயிரைக் கொய்தவராலும், பெயரை அழித்தவராலும், நாவைக் கட்டியவராலும் தொட இயலாத ஏதோவொன்று அவர்களிடம் எஞ்சியிருந்தது. அதுவே களத்தில் ஓடிற்று. கல்வி என்பது உள்ளதன்மேல் வைத்துக் கட்டுவது. உள்ளதை இடித்துவிட்டுக் கட்ட முனைவோர், இறுதியில் ஓர் இடுகாட்டையும் சேர்த்தே கட்டவேண்டியதாகின்றது. கரும்பலகையிலே கோலால் தொட்டுப் பெயர் பெற்ற பிள்ளைகளின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.